முகப் படத்துக்கு எந்த இங்க்ஜெட் பேப்பர்? சேலத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்தில் சின்னதாக ஒரு பிரிண்டிங் வேலை வைத்திருக்கிறேன், பெரும்பாலும் ஆள் படம்தான். காதுகுத்து, மஞ்சள் நீராட்டுச் சீர், அறுபதாம் கல்யாணம், அப்புறம் சாமி ரூமில் மாட்டுகிற பெரியவர்கள் படம். இப்போது நிறையப் பேர் வீட்டிலேயே இங்க் டேங்க் பிரிண்டர் வாங்கிவிட்டார்கள், அதனால் படம் போட வருகிறவர்களைவிடப் பேப்பர் பற்றிக் கேட்க வருகிறவர்கள் அதிகம். அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதிப் பதில் போட்டிருக்கிறேன். மேலிருந்து படித்து வருவது நல்லது, பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை நம்பி எழுதியவை.

அண்ணா, ஜெராக்ஸ் பேப்பர்லயே போட்டோ போட்டா வராதா?

வரும், முகம்தான் வராது. ஜெராக்ஸ் பேப்பர் 70, 75 ஜிஎஸ்எம் இருக்கும், மேலே இங்க்கைப் பிடித்து வைக்கிற மாதிரி பூச்சு கிடையாது. இங்க் தாளின் நாரோடு ஓடிவிடும். கண்ணிமை, புருவம், மீசை ஓரம் எல்லாம் கலங்கிப்போகும், இங்க் அதிகம் விழுகிற தலைமுடிப் பகுதியில் தாள் நனைந்து அலை அலையாக எழும்பும்.

போட்டோ பேப்பரில் நாம் காசு கொடுப்பது மேலே இருக்கிற பூச்சுக்கு. இப்போது கிடைப்பவை பெரும்பாலும் மைக்ரோபோரஸ் வகை, அதாவது சிலிகா, அலுமினா போன்ற துகள்களால் ஆன, கண்ணுக்குத் தெரியாத துளைகள் நிறைந்த அடுக்கு. துளி விழுந்த இடத்திலேயே உள்ளே இறங்கிவிடும், பக்கத்துத் துளியோடு கலக்காது. மூக்குக்கும் கன்னத்துக்கும் நடுவில் இருக்கிற அந்த மெல்லிய நிழல் நிழலாகத் தெரிவது அதனால்தான்.

கிளாஸி, மேட், லஸ்டர் மூணுல முகத்துக்கு எதுங்க நல்லது?

படம் எங்கே இருக்கப் போகிறது என்று முதலில் சொல்லுங்கள். கையில் வாங்கிப் பார்க்கிற ஆல்பம் படமா, கண்ணாடி போட்டு மாட்டுகிற படமா, கண்ணாடி இல்லாமல் மேசைமேல் நிற்கிற படமா? இதைக் கேட்காமல் பேப்பர் சொல்கிற கடைக்காரர் தன்னிடம் ஸ்டாக் இருப்பதைத்தான் சொல்கிறார்.

கிளாஸியில் கருப்பு ஆழமாக இருக்கும், நிறம் பளிச்சென்று நிற்கும். ஆனால் டியூப் லைட்டுக்குக் கீழே நீட்டினால் முகத்துக்கு நடுவே ஒரு வெள்ளைக் கோடு தெரியும், தொட்டால் விரல் ரேகை பதியும். பட்டுப்புடவை, ஜரிகை, நகை உள்ள படத்தில் இந்தப் பளபளப்பு கூடுதல் தொந்தரவு, ஜரிகையின் மினுக்கு எது, பேப்பரின் மினுக்கு எது என்று பிரிக்கவே முடியாது. மேட்டில் ஒளி திருப்பி அடிக்காது, தோல் மென்மையாகத் தெரியும், ஆனால் கருப்பு உண்மையில் அடர் சாம்பலாகத்தான் நிற்கும், குங்குமச் சிவப்பும் கொஞ்சம் மங்கும். லஸ்டர் இரண்டுக்கும் நடுவில்: மேலே பொடிப்பொடியாகச் சொரசொரப்பு, கருப்பு ஏறத்தாழ கிளாஸி அளவுக்கு ஆழம், விரல் ரேகையும் அவ்வளவாகத் தெரியாது. கல்யாண ஆல்பங்களில் லஸ்டரைப் பரவலாகப் பார்க்கலாம். குழப்பமாக இருந்தால் லஸ்டர் எடுங்கள், பெரும்பாலான முகப் படத்துக்கு அது போதும். சாட்டின், செமி கிளாஸ், பேர்ல் என்று பெட்டியில் வேறு பெயர் போட்டிருந்தாலும் ஏறக்குறைய இதே குடும்பம்தான்.

180, 230, 270னு போட்டிருக்கே, ஜிஎஸ்எம் ஜாஸ்தின்னா தரமும் ஜாஸ்திதானே?

இல்லை. ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் பேப்பர் எத்தனை கிராம் இருக்கிறது என்ற கணக்கு, அவ்வளவுதான். பூச்சு நல்லதா என்று அது சொல்லாது. பார்க்க வேண்டியது அடித்தாள் என்ன வகை என்பதை. மலிவாக வரும் 180 ஜிஎஸ்எம் ஹை கிளாஸி பெரும்பாலும் காஸ்ட் கோட்டட்: சாதாரணக் காகிதத்தின் ஒரு பக்கத்தில் பளபளப்பான பூச்சு. ஆர்சி என்றால் காகிதத்தின் இரண்டு பக்கமும் பாலித்தீன் பூசி, அதற்கு மேல் இங்க் வாங்கும் அடுக்கு போட்டது. கலர் லேப் படத்தின் பின்பக்கம் தொட்டால் ஒரு வழவழப்பு இருக்குமே, அதே அடிதான் இதுவும். எப்சன் பிரீமியம் கிளாஸி 255 ஜிஎஸ்எம், கேனான் புரோ லஸ்டர் 260 ஜிஎஸ்எம், இரண்டுமே இந்த வகை.

பெட்டியில் எழுதியிருப்பதை நம்ப வேண்டாம் என்றால் ஒரு தாளின் மூலையைக் கிழித்துப் பாருங்கள். காஸ்ட் கோட்டட் காகிதம் மாதிரி நேராகக் கிழியும். ஆர்சி லேசில் கிழியாது, இழுத்தால் ஓரத்தில் மெல்லிய பிளாஸ்டிக் தோல் நீண்டு நிற்கும். இல்லாவிட்டால் பின்பக்கம் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள், உறிஞ்சினால் காஸ்ட் கோட்டட், முத்தாக நின்றால் ஆர்சி. குழந்தையின் பள்ளி புராஜெக்ட்டுக்குக் காஸ்ட் கோட்டட் தாராளம், வீட்டில் நிற்கப் போகிற முகத்துக்கு ஆர்சி.

என்கிட்ட இருக்கறது ஆபீஸ் பிரிண்டர்ணா, நாலு கலர்தான். இதுக்கு நல்ல பேப்பர் வாங்கறது வேஸ்ட்டா?

வேஸ்ட் இல்லை, ஆனால் உள்ளே என்ன இங்க் ஓடுகிறது என்று தெரிந்துகொண்டு வாங்குங்கள். இங்க் இரண்டு வகை. டை என்பது நீரில் கரைந்த சாயம், பிக்மென்ட் என்பது கரையாத நிறத்துகள். எப்சன் எல்3250 மாதிரி நாலு கலர், எல்8050 மாதிரி ஆறு கலர் இரண்டிலும் டை இங்க்தான். ஆறு கலரில் லைட் சயான், லைட் மெஜந்தா கூடுதலாக இருப்பதால் நெற்றி, கன்னம் போன்ற வெளிர் இடங்களில் புள்ளி புள்ளியாகத் தெரியாமல் வழுவழுவென்று வரும். நாலு கலரில் கிட்டே வைத்துப் பார்த்தால் கன்னத்தில் பொடிப் புள்ளி தெரியும், லஸ்டர் போட்டால் அந்தச் சொரசொரப்பு பாதியை மறைத்துவிடும்.

கேனான் ஜி2010 வகையில் கருப்பு மட்டும் பிக்மென்ட், மற்ற மூன்றும் டை. இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. கிளாஸி பேப்பரை வைத்துவிட்டு செட்டிங்கில் பிளெயின் பேப்பர் என்றே விட்டால், பிரிண்டர் அந்தப் பிக்மென்ட் கருப்பைத் தலைமுடியில் கொட்டும். அது பூச்சுக்குள் இறங்காமல் மேலேயே நிற்கும், தேய்த்தால் விரலில் மையாக வரும். மீடியா டைப்பில் போட்டோ பேப்பர் கிளாஸி என்று மாற்றிவிட்டால் மற்ற மூன்று நிறத்தையும் கலந்தே கருப்பை உண்டாக்கிக்கொள்ளும். “பேப்பர் சரியில்லண்ணா, மை ஒட்டுது” என்று பாக்கெட்டைத் திருப்பிக் கொண்டுவருகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இந்த ஒரு இடம்தான்.

எந்தப் பக்கம் பிரிண்ட் பண்றதுன்னே தெரியல, ரெண்டு பக்கமும் வெள்ளையா இருக்கு.

மேட் பேப்பரில்தான் இந்தக் குழப்பம். விரலைக் கொஞ்சம் ஈரமாக்கி ஒரு மூலையில் தொடுங்கள், பூச்சு உள்ள பக்கம் லேசாக ஒட்டும். ஆர்சி என்றால் பின்பக்கத்தில் பெரும்பாலும் கம்பெனி பெயர் அச்சாகியிருக்கும்.

ஸ்கிரீன்ல அம்மா மாநிறமா இருக்காங்க, பேப்பர்ல ரெண்டு ஷேடு கருத்துப் போய் வர்றாங்க. பேப்பர மாத்தணுமா?

அவசரப்பட்டு மாற்றாதீர்கள். பத்தில் எட்டுப் பேருக்கு மானிட்டர் வெளிச்சம்தான் காரணம் என்று தைரியமாகச் சொல்வேன். ஸ்கிரீன் தானே ஒளி விடுகிறது, பேப்பர் மேலே விழுகிற ஒளியை மட்டும்தான் திருப்பித் தரும். வெளிச்சத்தை முழுசாக ஏற்றி வைத்துக்கொண்டு படத்தைச் சரிசெய்தால் பிரிண்ட் இருட்டாகத்தான் வரும். ஒரு வெள்ளைத் தாளை மானிட்டர் பக்கத்தில் பிடித்து, திரையின் வெள்ளையும் தாளின் வெள்ளையும் ஏறக்குறைய ஒன்றாகத் தெரிகிற வரை வெளிச்சத்தைக் குறையுங்கள்.

அடுத்தது நிறம். நல்ல கம்பெனிகள் ஒவ்வொரு பேப்பருக்கும் ஒவ்வொரு பிரிண்டருக்கும் தனியாக ஐசிசி புரொஃபைல் கொடுக்கின்றன, அதாவது அந்தத் தாளில் எந்த நிறம் எப்படி விழும் என்று சொல்கிற ஒரு ஃபைல், அது அந்தக் கம்பெனி இங்க்குக்கு அளந்து எடுத்தது. இங்க்கை மாற்றி ஊற்றியிருந்தால் அந்தப் புரொஃபைல் பொய் சொல்லும். போட்டோஷாப்பில் புரொஃபைல் தேர்ந்தெடுத்தால் பிரிண்டர் டிரைவரில் கலர் கரெக்‌ஷனை அணைத்துவிடுங்கள், இரண்டும் ஒரே நேரத்தில் வேலை செய்தால் முகம் செங்கல் நிறத்துக்குப் போகும். புரொஃபைலே இல்லாத உள்ளூர் பேப்பர் என்றால் டிரைவரிடமே விட்டுவிட்டு, மீடியா டைப்பை மட்டும் பேப்பருக்குப் பக்கமானதாக வையுங்கள்.

சீர் படத்துக்கு ஒரு தனி எச்சரிக்கை. மஞ்சள் பூசின முகத்தை ஆட்டோ கரெக்‌ஷன் கலர் தப்பு என்று நினைத்து நீலம் ஏற்றும். பெண் முகம் வெளிறி, பின்னால் இருக்கிற வெள்ளைச் சுவர் நீலமாகும். அந்த டிக்கை எடுத்துவிடுங்கள்.

கருப்பா இருக்கறவங்களுக்குன்னு தனி பேப்பர் இருக்குங்களா?

தனியாக இல்லை, ஆனால் பேப்பர் தேர்வு அதிகம் வித்தியாசம் காட்டுவது இங்கேதான். அடர்ந்த நிறத்தில் முகத்தின் விவரமெல்லாம் நிழல் பகுதியில் இருக்கும்: கன்ன எலும்புக்குக் கீழே, தாடைக்கும் கழுத்துக்கும் நடுவில், முடி தொடங்குகிற இடத்தில். மேட்டில் கருப்பின் ஆழம் குறைவு என்றேன், அதனால் இந்த நிழல்கள் நெருங்கிப் போய் நெற்றியும் முடியும் ஒட்டிக்கொள்கின்றன. லஸ்டரில், அல்லது கிளாஸியில், முடியின் கருப்பு நன்றாகக் கீழே இறங்குவதால் தோலின் பழுப்பு அதிலிருந்து விலகித் தனியாக நிற்கும், நெற்றியில் விழுகிற ஒளியும் ஒளியாகத் தெரியும். மேட்தான் வேண்டும் என்றால் போட்டோஷாப்பின் கர்வில், அதாவது வெளிச்ச அளவை மாற்றுகிற கோட்டில், நிழலை மட்டும் கொஞ்சம் தூக்குங்கள், முழுப் படத்தையும் ஏற்ற வேண்டாம்.

இதோடு இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கோபப்பட்டாலும் பரவாயில்லை. முகத்தை மட்டும் வெளுக்கச் சொல்லிக் கேட்கிறார்கள். கழுத்தும் கையும் பழைய நிறத்தில் இருக்க முகம் மட்டும் பவுடர் கொட்டின மாதிரி வரும், எந்தப் பேப்பரும் அதைக் காப்பாற்றாது. வெயிலில் பாவு போட்ட தாத்தாவின் முகம் அந்த நிறத்தில்தான் தாத்தா.

நல்லா வெள்ளையா பளிச்சுனு இருக்கற பேப்பர்தானே ஒசத்தி?

அந்தப் பளிச்சுக்குப் பல நேரம் காரணம் ஆப்டிகல் பிரைட்னர், ஓபிஏ என்பார்கள், சலவைப் பவுடரிலும் இருக்கிற சமாச்சாரம். புற ஊதா ஒளியை வாங்கி நீலமாகத் திருப்பி விடும், அதனால் தாள் வெள்ளைக்கு மேல் வெள்ளையாகத் தெரியும். ஜன்னல் பக்கம் வைத்தால் முகத்தின் வெளிர் பகுதிகளில் லேசாக ஒரு நீலச் சாயல், இரவில் எல்இடி பல்பில் அது இல்லை. வருஷம் போகப்போக பிரைட்னர் சக்தி இழந்து தாள் மஞ்சளாகத் தோன்றும். சோதிக்க வேண்டுமானால் கள்ள நோட்டு பார்க்கிற ஊதா லைட்டின் கீழே தாளை நீட்டுங்கள், நீலமாக ஒளிர்ந்தால் ஓபிஏ நிறைய இருக்கிறது.

ஆல்பத்துக்கு இது பெரிய விஷயமில்லை. பேரப்பிள்ளைகள் பார்க்கப் போகிற படம் என்றால் ஓபிஏ இல்லாத, கொஞ்சம் பால் வண்ணத் தாளைத் தேடுங்கள். எங்கள் ஊர்த் தோல் நிறத்துக்கு அந்த வெதுவெதுப்பான வெள்ளை இன்னும் பொருந்துகிறது என்பது என் அபிப்பிராயம்.

ஏற்காட்டுல வீடு. பிரேம் போட்ட படம் கண்ணாடியோட ஒட்டிக்கிச்சு, எடுத்தா முகம் உரிஞ்சு வருது.

சேர்வராயன் மலை ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம், மழைக்காலத்தில் பனிமூட்டம் ஜன்னல் வழியாக வீட்டுக்குள்ளேயே வந்துவிடும். அந்த ஈரம் பிரேமுக்குள் புகுந்து பூச்சை இளக்கும், பூச்சு கண்ணாடியில் ஒட்டிக் காயும். கிளாஸியில் இது அதிகம். ஒட்டினதைப் பிரிக்க முயலாதீர்கள், கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்து புதிதாகப் பிரிண்ட் போடுவதுதான் நல்லது.

புதுப் படத்துக்கு, தாளுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் மவுண்ட் போர்டு, அதாவது படம் தெரிய நடுவில் ஜன்னல் மாதிரி வெட்டின அட்டை, வைக்கச் சொல்லுங்கள், அந்த இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி போதும். போர்டு ஆசிட் ஃப்ரீயாக இருக்கட்டும். பிரிண்ட் எடுத்தவுடன் பிரேம் போட வேண்டாம், தொட்டால் காய்ந்த மாதிரி இருந்தாலும் உள்ளே கரைப்பான் மிச்சம் இருக்கும், அது கண்ணாடியின் உள்பக்கம் மங்கலாகப் படியும். கீழே சேலத்தில் ஒரு நாள் விட்டால் போதும், மலையில் இன்னும் ஒன்றிரண்டு நாள் விடுங்கள். பிரேமின் பின்பக்க நான்கு மூலையிலும் ரப்பர் பொட்டு ஒட்டினால் ஓதம் அடிக்கிற சுவரில் நேராகப் படாது. மலைக்கு லஸ்டர் ஆர்சி, இல்லையென்றால் மேட். காஸ்ட் கோட்டட் மட்டும் வேண்டாம், அடித்தாள் ஈரம் குடித்து அப்பளம் மாதிரி வளைந்துவிடும்.

மலையில ஈரம், சரி. எங்க வீடு அம்மாபேட்டை, ரெண்டு வருஷத்துல படம் மங்கிப் போச்சே?

வெயில் பாதி, காற்று பாதி. மைக்ரோபோரஸ் பூச்சில் துளை திறந்தே இருப்பதால் காற்றில் உள்ள ஓசோன் உள்ளே புகுந்து டை இங்க்கைத் தின்னும். கண்ணாடி இல்லாமல் கதவோரமாக ஒட்டி வைத்த படம் வெயிலே படாமல் மங்குவது இதனால்தான். கண்ணாடி போட்டாலே பெரிய வித்தியாசம் தெரியும். மேற்குப் பார்த்த ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் மாட்டாதீர்கள், ஏப்ரல் மே வெயில் சாயங்காலம் நேராக வந்து விழும்.

பிக்மென்ட் இங்க் இதில் கெட்டி, ஆனால் அதற்கேற்ற பிரிண்டர் விலை அதிகம், சில கிளாஸி தாளில் சாய்த்துப் பார்த்தால் நிழல் பகுதியில் செம்பு நிற மினுக்கு அடிக்கும். பெட்டியில் போடுகிற “இத்தனை வருஷம் மங்காது” என்ற கணக்கெல்லாம் அவர்கள் இங்க், அவர்கள் பேப்பர், கண்ணாடிக்குள் அல்லது ஆல்பத்தில் என்ற நிபந்தனையோடு வருவது. வேறு இங்க் ஊற்றியிருந்தால் அந்த வருஷக் கணக்கு உங்களுக்கு இல்லை.

தாத்தா தவறிட்டாருங்க. பழைய கருப்பு வெள்ளை போட்டோ ஒண்ணுதான் இருக்கு, அதையும் வாட்ஸ்அப்ல அனுப்பினாங்க. பெருசா போட எந்தப் பேப்பர்?

பேப்பருக்கு முன்னால் ஒன்று, அந்த ஃபைலை டாக்குமென்ட்டாகத் திரும்ப அனுப்பச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாகப் படமாக அனுப்பினால் நீளப்பக்கம் 1,600 பிக்சல் அளவுக்குச் சுருக்கிவிடும், 12 இன்ச்சுக்கு இழுத்தால் இன்ச்சுக்கு 133 பிக்சல்தான் மிஞ்சும். முகத்துக்கு 300 இருந்தால் நல்லது, 200 வரை சமாளிக்கலாம். வேறு வழியே இல்லையென்றால் மேட் எடுங்கள், இல்லாத கூர்மையை அது காட்டிக்கொடுக்காது. கிளாஸி ஒவ்வொரு குறையையும் சொல்லிவிடும்.

கருப்பு வெள்ளையில் இன்னொரு சிக்கல்: நாலு கலர் பிரிண்டர் சாம்பலை மற்ற நிறங்களைக் கலந்துதான் உண்டாக்கும், தாத்தா லேசாகப் பச்சையாகவோ ஊதாவாகவோ வருவார். வேண்டுமென்றே கொஞ்சம் செபியா, அதாவது பழுப்புச் சாயல், ஏற்றிவிட்டால் இந்தக் குறை கண்ணில் படாது, பழைய படத்துக்குப் பொருத்தமாகவும் இருக்கும். சாமி ரூமில் விளக்குப் புகை, மாலையின் ஈரம், கண்ணாடியில் வைக்கிற சந்தனம் குங்குமம் எல்லாம் உண்டு, ஆக ஏற்காட்டுக்காரருக்குச் சொன்ன மவுண்ட் போர்டு இங்கேயும் அவசியம். பொட்டு வைக்கிற ஈரம் பிரேம் ஓரமாக உள்ளே இறங்கும்.

லேமினேஷன் பண்ணிட்டா எந்தப் பேப்பரா இருந்தா என்னண்ணா?

மேல்பரப்பு விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. லஸ்டர் வாங்கி அதன்மேல் கிளாஸி ஃபிலிம் ஒட்டினால் லஸ்டருக்குக் கொடுத்த காசு போச்சு. லேமினேஷன் உறுதி என்றால் ஆர்சி கிளாஸி எடுத்து, மேலே மேட் ஃபிலிம் ஒட்டச் சொல்லுங்கள். சூடு இல்லாமல் ஒட்டுகிற கோல்டு லேமினேஷன்தான் பாதுகாப்பு, சூட்டில் ஆர்சியின் பாலித்தீன் கொப்பளிக்க வாய்ப்பு உண்டு. ஒரு நாள் காய்ந்த பிறகே கொடுங்கள்.

காட்டன் பேப்பர்னு யூடியூப்ல காட்டறாங்களே, வாங்கலாமா?

ஜெர்மனியில் 1584இல் தொடங்கிய ஹானமூலே கம்பெனியின் போட்டோ ராக் 308 ஜிஎஸ்எம் இதில் பிரபலம், முழுக்கப் பருத்தி நார், மேட். கையில் எடுத்தாலே கனம் தெரியும். ஆனால் இது பிக்மென்ட் பிரிண்டருக்கு, அதுவும் மேட் பிளாக் என்ற, மேட் தாளுக்கான தனிக் கருப்பு இங்க் உள்ளதற்குத்தான் முழுப் பலன் தரும். வீட்டு டை பிரிண்டரில் போட்டால் சோர்ந்துபோய் வரும், நீண்ட ஆயுளும் கிடைக்காது. ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்த பாட்டியின் முகம், சுருக்கம் தெரிகிற மாதிரி ஒரு பெரிய படம், அந்த மாதிரி ஒன்றுக்கு வெளியே கொடுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். கண்ணாடி போட்டுவிட்டால் அந்தப் பருத்தித் தன்மை பாதி மறைந்துவிடும் என்பதையும் யோசியுங்கள்.

8x12 பிரேம் வாங்கிட்டேன், ஏ4 போட்டா சரியா இருக்குமா?

இருக்காது. ஏ4 நீளம் 297 மில்லிமீட்டர், 12 இன்ச் என்றால் 305. ஓரத்தில் வெள்ளைப் பட்டை தெரியும். ஏ4 பிரேம் தனியாகவே கிடைக்கிறது, அல்லது தாளின் அகலத்தை 8 இன்ச்சுக்கு வெட்டி, மவுண்ட் போர்டையும் உள்ளளவு குறைத்து வெட்டச் சொன்னால் இதே பிரேம் போதும்.

பாக்கெட்டைப் பிரிச்சா மீதித் தாளை எப்படி வைக்கறது?

உறையிலேயே திரும்பப் போட்டு, ஜிப் கவரில், படுக்கையாக. டிரேயிலேயே விட்டால் தூசி படியும், அந்தத் தூசியின்மேல் இங்க் விழுந்து பிறகு உதிர்ந்தால் கன்னத்தில் வெள்ளைப் புள்ளி. ஏற்காட்டில் சிலிகா ஜெல் பை ஒன்று உள்ளே போடுங்கள். சேலத்துக் கோடையில் தேவையில்லை, ரொம்பக் காய்ந்தாலும் தாள் பூச்சுப் பக்கமாகச் சுருளும்.

ஒரே கம்பெனி, ஒரே பேப்பர், புது பாக்கெட் பிரிச்சா மட்டும் கலர் வேற மாதிரி வருது. இதுக்கு என்ன சொல்றீங்க?

நடக்கும். மலிவான பேப்பரில், பெட்டி அதேதான், உள்ளே தாள் வேறு இடத்திலிருந்து வந்திருக்கும். பழைய தாள் ஒன்றையும் புதுசையும் ஊதா லைட்டின் கீழே பக்கத்தில் வைத்தாலே பல நேரம் தெரிந்துவிடும். அதனால் முக்கியமான வேலைக்கு ஒரே தடவையில் தேவையானதைவிடக் கொஞ்சம் கூடுதலாக வாங்கிவிடுங்கள், ஒரே ஆல்பத்தில் இரண்டு பாக்கெட்டைக் கலக்காதீர்கள்.

ஒரு சோதனைப் படம் தயார் செய்து வைத்துக்கொள்வது நல்லது. ஏ4இல் நான்கு முகம் போதும்: வெளிர் நிறம் ஒன்று, மாநிறம் ஒன்று, நல்ல கருப்பு ஒன்று, ஒரு கருப்பு வெள்ளை. எந்தப் பேப்பர் வாங்கினாலும் முதல் தாளில் இதையே போட்டு, ஒரு நாள் காய விட்டு, படம் மாட்டப் போகிற சுவரில் வைத்துப் பகலிலும் இரவிலும் பாருங்கள். பேப்பர் பெயர், இங்க், செட்டிங், தேதி எல்லாம் பின்பக்கம் எழுதி வையுங்கள், ஆர்சியில் பென்சில் பிடிக்காது, மார்க்கர்தான். பால்பாயின்ட்டால் அழுத்தி எழுதினால் முன்பக்கம் முகத்தில் தடம் விழும்.